அர்ச்சுனனுக்கு வராத சந்தேகம்

ஏகலைவனைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். நம் கவிதைகளில், மேடைகளில், சுவரொட்டிகளில் அந்தக் கட்டைவிரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதையில் இன்னொருத்தன் இருக்கிறான். விரல் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவனைப் பற்றி வியாச பாரதத்தின் ஆதிபருவம் ஒரு தகவல் தருகிறது. ஏகலைவனின் அம்பு இனி முன்போல வேகமாகப் போகாது என்று தெரிந்ததும் அர்ச்சுனனுக்கு இருந்த காய்ச்சல் நீங்கிவிட்டதாம். மனம் குளிர்ந்துவிட்டதாம்.

இந்தக் காய்ச்சலை நாம் வாசிக்கவில்லை. உலகத்தில் உனக்கு நிகரான வில்லாளி இல்லாமல் செய்கிறேன் என்று வாத்தியார் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நாயின் வாயை அம்புகளால் அடைத்த நிஷாதப் பையனைப் பார்த்துவிட்டு அவன் துரோணரிடம் தனியாகப் போய் அந்த வாக்கை ஞாபகப்படுத்துகிறான். 'என்னைவிட நல்லா எய்யுறானே, நான் இன்னும் பழகணும்' என்று அவனுக்குத் தோன்றவில்லை. 'நீங்க சொன்ன முதலிடம் என்னாச்சு' என்றுதான் கேட்கிறான். விரல் போன பிறகு, 'இப்ப நான் முதல்னா அது என் கையால வந்ததா, அவன் விரல் போனதால வந்ததா' என்று ஒரு ராத்திரிகூட அவன் தூங்காமல் கிடந்ததாக அந்தப் பகுதியில் இல்லை. மரத்தில் பொம்மைப் பறவையை வைத்து, 'என்ன தெரிகிறது' என்று கேட்கும் அந்தப் புகழ்பெற்ற பரிட்சை பாரதத்தில் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஏகலைவன் கதை முடிந்த பிறகு வருகிறது. ஜெயிக்கக்கூடியவனின் விரலை வாங்கி வைத்துக்கொண்டு நடத்திய பரிட்சை அது. அதில் வாங்கிய முதல் மார்க்கைத்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் 'கவனக்குவிப்பு' என்று பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதே பருவத்தில் அதற்கு முன்னால் இன்னொரு சின்னச் சம்பவம் வருகிறது. தண்ணீர் மொண்டுவர மாணவர்களுக்குத் துரோணர் வாய் குறுகிய கமண்டலம் கொடுக்கிறார். நிரம்ப நேரமாகும். தன் மகன் அசுவத்தாமனுக்கு வாய் அகன்ற பாத்திரம். அவன் சீக்கிரம் வந்துவிடுவான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அப்பா மகனுக்குத் தனிப்பாடம் நடத்திவிடுவார். இதை அர்ச்சுனன் கண்டுபிடித்து, வருண அஸ்திரத்தால் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு அசுவத்தாமனோடு சேர்ந்தே வந்து நிற்கிறான். 'எல்லாருக்கும் ஒரே பாத்திரம் கொடுங்க' என்று அவன் கேட்கவில்லை. தானும் சலுகைக்குள் நுழைந்துகொண்டான். மற்ற பிள்ளைகள் குறுகிய வாயோடு ஆற்றங்கரையிலேயே நின்றார்கள்.

வாத்தியாரின் பாரபட்சம் என்றால் மார்க் பட்டியலில் நடக்கும் திருட்டு என்று நினைக்கிறோம். பட்டியலுக்கு வருவதற்கு முன்பே, பாத்திரத்தின் வாயிலேயே அது நடந்துவிடுகிறது. வாங்கியவனுக்கு அது சலுகையாகத் தெரியாது. திறமை என்றே தெரியும். தகுதி, திறமை, மெரிட் என்று இவர்கள் கூவுகிறபோதெல்லாம் எனக்கு அந்த வாய் அகன்ற பாத்திரம்தான் ஞாபகம் வருகிறது.

இந்த வாசிப்பு எனக்கு நூலகத்தில் கிடைக்கவில்லை. உப்பளம் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பில் கிடைத்தது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. 2025-இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாக அந்தப் பரிட்சையை எழுதினார்கள். முன்பு பத்தாவதில் அறிவியலுக்குச் செய்முறை 25 போக மற்றப் பாடமெல்லாம் நூற்றுக்கு நூறும் எழுத்துப் பரிட்சைதான். திருத்துகிறவருக்கு நம் பிள்ளையின் முகம் தெரியாது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 80 எழுத்துக்கு, 20 பள்ளிக்கூடத்தின் கையில். அந்த 20-ஐ நாலு ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள்: இடைத் தேர்வுகள், பலவகை மதிப்பீடு, நோட்டும் வேலையும் அடங்கிய தொகுப்பு, பாடம் சார்ந்த செயல்பாடு. தேர்ச்சிக்கு இரண்டும் சேர்த்து 33 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20-க்கு 20 போட்டால் பிள்ளை 80-க்கு 13 எடுத்தால் போதும். 8 போட்டால் 25 எடுக்க வேண்டும். வாத்தியாரின் பேனா முனையில் பன்னிரண்டு மார்க் தொங்குகிறது.

ஒரு நாள் பத்தாவது படிக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, எங்க சார் எனக்கு இருபதுக்கு இருபது போட்டுட்டாரு. அவரு நம்ம ஆளு. அதனால போட்டாரா, நான் படிச்சதால போட்டாரா?"

பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: "எனக்குப் பத்தொம்போது. நான் நோட்டே பாதிதான் எழுதினேன்."

இன்னொருத்தி சிரித்தாள்: "வந்தத வச்சிக்கோடி. எவன் வந்து கேக்கப் போறான்?"

"கேப்பாங்கடி. நம்மளத்தான் கேப்பாங்க."

அர்ச்சுனனுக்கு வராத சந்தேகம் இது. இந்தப் பிள்ளைக்கு ஏன் வந்தது? மார்க் எடுத்தாலே 'யாரு எழுதிக் கொடுத்தா' என்று கேட்கப்பட்ட பரம்பரை நம்முடையது. இடம் கிடைத்தால் 'கோட்டாவா' என்கிறார்கள். வேலை கிடைத்தால் 'சலுகையா' என்கிறார்கள். வெளியில் கேட்கிற கேள்வி நாளடைவில் உள்ளே குடிவந்துவிடுகிறது. அப்புறம் யாரும் கேட்க வேண்டியதில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்கிறோம். காய்ச்சல் அவனுக்கு முதலிடம் போய்விடுமோ என்று வந்தது. நமக்கு முதலிடம் வந்தாலே வருகிறது.

நம் தன்வரலாறுகள் இதை எப்படிச் சொல்கின்றன? ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997-இல் இந்தியில் வந்தது. வேதியியல் ஆசிரியர் அவரைச் சோதனைச்சாலைக்குள் சேர்க்காமலே தள்ளி வைத்தார். மற்றப் பாடங்களைப் படித்துத் தேறிய மாணவன் செய்முறையில் தோற்கடிக்கப்பட்டான். எழுத்துப் பரிட்சை காப்பாற்றிய பிள்ளையை, முகம் தெரிகிற பரிட்சை கொன்றது. பத்து வருடம் கழித்து, டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. செய்முறையிலும் வாய்மொழித் தேர்விலும் சாதி பார்த்து மார்க் போடுகிறார்கள் என்று மாணவர்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2016-இல் அப்துல் நஃபே குழு எழுத்து மார்க்கையும் வாய்மொழி மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வாய்மொழிக்கான 30-ஐ 15 ஆகக் குறைக்கச் சொன்னது. சேலத்திலிருந்து அங்கே படிக்கப் போன முத்துகிருஷ்ணன், ஆராய்ச்சிச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டு 2017 மார்ச்சில் செத்துப்போனார். அரங்கேற்ற மேடையில் ஏறிய கர்ணனிடம் கிருபர் குலம் கேட்டாரே, அந்த வைவா இன்னும் முடியவில்லை.

இதெல்லாம் குறைத்துப் போட்ட மார்க்கின் வரலாறு. நான் படித்தவரை நம் தன்வரலாறுகளில் குறைத்த மார்க் இருக்கிறது. கூட்டிப் போட்ட மார்க் இல்லை. நம்மைப் பிடித்துப்போன வாத்தியார், நம் சாதியில் பிறந்து மேலே வந்த வாத்தியார், 'போகட்டும் பாவம்' என்று ரெண்டு மார்க் சேர்த்தவர், அவர் நம் பிரதிகளில் மௌனமாக நிற்கிறார். அவரை எழுதினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்ற பயம். இந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் உப்பளத்துப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இந்த மௌனம் பதில் இல்லை.

'நம்ம வாத்தியார்னா நமக்குக் கூட்டித்தான் போடுவார்' என்ற நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும். ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். 2012-இல் வெளியானது. பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் சாதி, பாலினம், வயது இவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் குறைத்தது யார்? அதிலே ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள்தான் குறைத்திருந்தார்கள். மற்றவர்கள் குறைத்ததற்கு அந்தச் சோதனையில் சான்று கிடைக்கவில்லை. உடனே 'பாத்தீங்களா' என்று கிளம்ப வேண்டாம். முகம் பார்க்காமல் தாளைத் திருத்திய சோதனை அது. முகம் தெரிகிற சோதனைச்சாலையிலும் நேர்காணல் அறையிலும் நடப்பதை அது அளக்கவில்லை. நமக்கு அதில் இருக்கும் பாடம் வேறு: ஒரே தெருவில் பிறந்ததால் ஒருவருடைய பேனா நேராகிவிடாது. தன் சாதிப் பிள்ளைக்குத் தாராளமாகப் போட்டால் நாலு பேர் பேசுவார்கள் என்று கையை இழுத்துக்கொள்ளும் வாத்தியாரை நாம் பார்த்ததில்லையா? அவருக்குள்ளும் அதே காய்ச்சல்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் 1881-இல் வந்த ஆணைப்படி தன் குலச் சட்டத்தைத் துறந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒடுக்கப்பட்ட மக்கள் நிறையப் பேர். சாதி தெரியாத ஒரு பெயருக்காக அவர்கள் ஆசைப்பட்டது சும்மா இல்லை. கெஜட்டில் பெயரை மாற்றியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், இன்றைக்கு விடைத்தாளில் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

ஆமாம், அவர்களே கேட்டார்கள். 'நீ திறமைசாலிதான், கவலைப்படாதே' என்று தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனசில்லை. சந்தேகத்துக்கு ஆறுதல் மருந்து கிடையாது. ஏழு பிள்ளைகள் பள்ளியில் எழுதிய 40 மார்க் கணக்குத் தாளை, எழுதியதை எழுதியபடியே, தப்பையும் தப்பாகவே, வேறு தாளில் படியெடுத்தார்கள். பெயருக்குப் பதில் எண். இவர்களை யாரென்றே தெரியாத, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் விழுப்புரத்துக்கு அனுப்பினோம். முதலில் கேட்டவளுக்குப் பள்ளியில் 36, அங்கே 35. பாதி நோட்டு எழுதிய பையனுக்கு 33, அங்கே 24. நாலு பேருக்கு ஒன்றிரண்டு மார்க் வித்தியாசம். மிச்சமிருந்த ஒருத்திக்குப் பள்ளியில் 21, அங்கே 26. அவளும் நம்ம பிள்ளைதான். அதே 'நம்ம சார்' திருத்திய தாள்தான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. சாருக்கு அவளைத் தெரியாது.

அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஒம்போது மார்க்கு எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். எதுன்னு காட்டுங்கக்கா" என்றான். மூன்று கணக்கு. அன்றைக்கே உட்கார்ந்து போட்டான். கூட்டிப் போட்ட ஒன்பது மார்க் அவனிடமிருந்து மறைத்து வைத்தது அந்த மூன்று கணக்கைத்தான். பிரியத்தால் போட்ட மார்க்கின் விலை அது. 80 மார்க் பரிட்சை நடக்கும் அறையில் 'நம்ம சார்' இருக்க மாட்டார். உள்ளே 20, வெளியே 15 என்று வந்தால் 'இவங்களுக்கெல்லாம் இப்படித்தான்' என்று சொல்ல ஊரே காத்திருக்கிறது. வாய் திறக்காதவளின் 5 மார்க்கை அப்போது யார் பேசுவார்கள்?

அம்பேத்கர் 1907-இல் மெட்ரிக் தேறியபோது 750-க்கு 282. நூற்றுக்கு 38கூட இல்லை. அந்த 282-க்குப் பின்னால், தனியாக விரித்து உட்கார்ந்த கோணி இருக்கிறது. சமஸ்கிருதம் மறுக்கப்பட்டதால் எடுத்த பாரசீகம் இருக்கிறது. தன்னிடம் பிரியமாக இருந்து மதியச் சோறு கொடுத்த ஆசிரியர் ஒருவரையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். சோறு பசிக்கானது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுங்கள், நோட்டு வாங்கிக் கொடுங்கள், சாயங்காலம் கூட ஒரு மணி நேரம் உட்காருங்கள். பாரபட்சம் காட்ட வேண்டிய இடங்கள் அவை. அங்கே தாராளமாகக் காட்டுங்கள். குறுகிய பாத்திரத்தோடு நிற்கிற பிள்ளைக்கு அகன்ற பாத்திரம் கொடுப்பது நீதி. நிரம்பாத பாத்திரத்தை நிரம்பியதென்று எழுதித் தருவது ஏமாற்று.

நம் கோரிக்கை பெரிதல்ல. அந்த 20-ல் எதற்கு எவ்வளவு என்று வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டட்டும். மேலே அனுப்புவதற்கு முன் பிள்ளைகளிடம் மார்க்கைக் காட்டட்டும். இடைத் தேர்வுத் தாளிலாவது பெயரை மறைத்து வேறு பள்ளி ஆசிரியர் திருத்தட்டும். குறைந்தவரும் கேட்கலாம், கூடியவரும் கேட்கலாம் என்று இருக்கட்டும்.

நம்மிடம் மார்க்கைக் குறைத்தவர்களைப் பற்றி இன்னும் நூறு புத்தகம் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுவோம். கூடவே, 'எனக்கு ஏன் கூட்டிப் போட்டாங்க' என்று கேட்ட அந்தப் பிள்ளையையும் எழுத வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிச்சல் இத்தனை காலமாக வில்லைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களிடம் இருந்ததில்லை.