மாத்திரைக்கும் தெளிவுக்கும் இடையே

மனநோயைக் கதையாக்கும் கலைஞர்க்கு இரண்டு காட்சிகள் எளிதில் வாய்த்துவிடுகின்றன. அறிவு கலங்கும் காட்சி ஒன்று. தெளியும் காட்சி மற்றொன்று. நடுவே கிடக்கும் நாட்களை என்ன செய்வதென்று அவர்கள் அறியார். மாத்திரை கொடுத்தாயிற்று, மகன் இன்னும் சுவரோடு பேசுகிறான், உம்மா வாசற்படியில் அமர்ந்திருக்கிறாள். இங்கே நிகழ்ச்சி ஏதும் இல்லையென்று எண்ணிக் கடந்து போய்விடுகின்றனர்.

2001-ல் வெளிவந்து, சிறந்த படத்திற்கான ஆஸ்கார் பரிசும் பெற்ற 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' என்னும் ஆங்கிலப் படத்தை அண்மையில் மீண்டும் கண்டபோது இக்குறையே நம் நெஞ்சில் நின்றது. 1994-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கக் கணித மேதை ஜான் நாஷ், இளமையிலேயே மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர். படத்தில் அவர் கண்ணுக்கு மட்டும் மூவர் தோன்றுகின்றனர். (உண்மையில் நாஷ் குரல்களைக் கேட்டவரேயன்றி உருவங்களைக் கண்டவரல்லர். திரைக்கு உருவம் வேண்டியிருந்தது, போகட்டும்.) அம்மூவருள் ஒருத்தி சிறுமி. ஆண்டுகள் பல கழிந்தும் அவள் வளரவில்லை என்பது ஒருநாள் நாஷுக்குப் பளிச்செனப் புலப்படுகிறது. கணக்கொன்று தீர்ந்தாற்போல் மயக்கம் தீர்கிறது.

அழகிய காட்சிதான். ஆனால் தெளிவு பெரும்பாலும் இவ்வாறு வருவதில்லை. மருந்து மூளையிலுள்ள டோபமின் ஏற்பிகளைச் சில மணி நேரத்திலேயே மறித்துவிடுகிறது. மனமோ வாரக்கணக்கில் பின்தங்கி வருகிறது. இரண்டு மூன்று வாரம் ஒரு பயனும் தெரியாது என்றே முன்னர்க் கருதினர். முதல் வாரத்திலேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவ அறிஞர் ஷிதிஜ் கபூர் அதே ஆண்டில் ஒரு நுட்பமான கருத்தை முன்வைத்தார். மருந்து பொய்யான எண்ணத்தை அழிப்பதில்லை. அவ்வெண்ணத்திற்கிருந்த முக்கியத்துவத்தைத் தணிக்கிறது என்பதே அது. "அவன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், இன்று நான் காது கொடுக்கவில்லை" என்று மகன் சொல்லும் நாள் எத்துணைப் பெரிய நாள்! அந்நாளை எழுத நம்மிடையேயும் கதாசிரியர் வேண்டும்.

படத்தின் இறுதியில் அம்மூவரும் மறையாமல் எட்டி நிற்கின்றனர். இது உண்மைக்கு அருகில் வருகிறது. ஆயினும் அவர்களை எட்ட நிறுத்தியது நாஷின் மனவுறுதியே என்பது போலப் படம் நடத்துகிறது. பிறகு, தாம் புதிய மருந்துகளை உட்கொள்வதாக அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறது. நாஷோ 1970-க்குப் பின் மருந்தே உட்கொள்ளவில்லை. பார்ப்போர் மருந்தை நிறுத்திவிடலாகாது என்னும் நல்லெண்ணத்தில் சேர்த்ததாம். அவரைப் போல் மருந்தின்றித் தேறுவோர் சிலரே. எவர் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. ஆகவே கவலை நியாயமானது. ஆனால் பொய்யான ஒரு வசனத்தைவிட, மெய்யான இரண்டு வாரங்களைக் காட்டியிருப்பின் அந்நோக்கம் இன்னும் நன்றாக நிறைவேறியிருக்கும்.

ஏனெனில் நம் வீடுகளில் மருந்து நிற்பது அந்த இரண்டு வாரங்களில்தான். நன்மைக்கு முன்னே தொல்லை வந்துவிடுகிறது: ஓயாத தூக்கம், கைகால் விறைப்பு, ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பு. "பிள்ளையை மரக்கட்டையாக்கிவிட்டார்களே" என்று பெத்தும்மா அழுவார். பத்தாம் நாள் மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். இத்தொல்லைகளைச் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம் என்பது பலர்க்குத் தெரிவதில்லை. இரண்டு வாரத்தில் சிறிதும் மாற்றமில்லையெனில் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். முழுப் பயனை மதிப்பிட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

காத்திருப்பு நமக்குப் புதிதன்று. கனவில் உத்தரவு கிடைக்கும் வரை ஏர்வாடியில் ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களை நாம் அறிவோம். இப்படம் வெளிவந்த அதே 2001-ல், ஆகஸ்ட் 6-ஆம் நாள், அங்கிருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றி, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். துஆவை எவரும் குறைகூறவில்லை. தவாவும் உடன் இருந்திருக்க வேண்டும்.

காத்திருப்பவரின் முகத்தை இப்படம் ஓரிடத்தில் மட்டும் கண்டுவிடுகிறது. மருந்தின் மயக்கத்தில் கணவர் மரமாய்க் கிடக்க, மனைவி அலிசியா குளியலறைக்குள் சென்று கண்ணாடியை உடைத்து அலறுகிறாள். ஒரு நிமிடங்கூட நீளாத அக்காட்சிக்காகவே நாம் படத்தை மறுமுறை பார்த்தோம்.