வழுவும் வழுவமைதியும்: போட்டித் தேர்வுப் பிழைதிருத்த வினாக்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகத் தெற்கே செல்லும் சாலையின் பெயர், இலக்கணப்படி 'கிழக்குக் கடற்கரைச் சாலை' என்பதாகும். செய்தித்தாள்களிலும் விளம்பரப் பலகைகளிலும் அது பெரும்பாலும் 'கிழக்கு கடற்கரை சாலை' என இரண்டு ஒற்றுகளை இழந்து நிற்கிறது. அதனால் வழிப்போக்கர் எவருக்கும் பொருள் மயங்குவதில்லை. அதே தொடர் தேர்வு வினாவாக மாறும்போது நிலைமை வேறாகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வில், 2021 டிசம்பரில் வெளியான அரசாணைக்குப் பின், தமிழ்த் தகுதிப் பகுதி கட்டாயமாயிற்று. 100 வினாக்களுக்கு 150 மதிப்பெண் கொண்ட அப்பகுதியில் 60 மதிப்பெண் பெறாதவரின் ஏனைய விடைகள் மதிப்பிடப்படுவதில்லை. சந்திப்பிழை, ஒருமை பன்மைப் பிழை, மரபுப் பிழை, வழூஉச் சொல் ஆகியவற்றை நீக்குதல் இப்பகுதியின் பாடத்திட்டத்தில் இடம்பெற்று வந்துள்ளது. இத்தகைய வினாக்கள் எதனைப் 'பிழை' எனக் கொள்கின்றன, அக்கொள்கை தமிழ் இலக்கண மரபோடு பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையின் ஊர்ப்பெயர்களும் தொழில்சார்ந்த தொடர்களும் இதற்குச் சான்றாகின்றன. தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. தேர்வுத்தாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.

பிழையறிதலின் பயன்

பிழைகாணும் வினா முற்றிலும் பயனற்றது என்று கூறுவதற்கில்லை. 'சிற்பி சிலை செதுக்கினார்', 'சிற்பி கல்லைச் செதுக்கினார்' என்னும் இரு தொடர்களை நோக்கலாம். சிலை, கல்லை என்னும் இரு சொற்களும் ஐகாரத்தில் முடிகின்றன; இரண்டையும் சகரம் தொடர்கிறது. முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஆதலின் வல்லினம் மிகவில்லை. பின்னதில் உருபு விரிந்து நிற்கிறது, ஆதலின் மிகுந்தது. 'ஐகாரத்தின் பின் ஒற்று மிகும்' என மனப்பாடம் செய்தவர் முன்னதில் தவறுவார். பெயரின் இறுதி எழுத்தையும் உருபையும் பிரித்தறிபவர் தவறமாட்டார். இவ்வகை வினா விதியறிவை உண்மையாகவே சோதிக்கிறது.

சூழலற்ற தொடரின் குறைபாடு

சூழல் நீக்கப்படும்போது சிக்கல் தொடங்குகிறது. 'வாளை பிடித்தான்' என்பது மீனவன் வாளைமீனைப் பிடித்ததைக் குறிக்கும். 'வாளைப் பிடித்தான்' என்பது வீரன் வாளைக் கையில் ஏந்தியதைக் குறிக்கும். இவ்விரண்டையும் தந்து 'சந்திப்பிழையற்ற தொடர் எது?' என வினவினால் விடை கிடையாது, இரண்டும் பிழையற்றவை. பகரம் மிகுதலும் மிகாமையும் இங்கே பொருள் வேறுபாட்டைக் காட்டும் கருவிகள். சந்தியின் இன்றியமையாமையை உணர்த்தும் இத்தகைய இடத்தை, நான்கு தெரிவுகளுள் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் சூழலற்ற வினா கையாள இயலாது.

இருவகையும் ஏற்கப்படும் இடங்கள்

மரபிலக்கணமே இரு வடிவங்களை ஏற்கும் இடங்களும் உள்ளன. 'படகுகள் கரை சேர்ந்தது' என்பது பிழை என்பதில் ஐயமில்லை. 'படகு கரை சேர்ந்தன' என்பதையும் தேர்வுக்குப் பயிலும் மாணவர் பிழையென்றே குறிப்பார். ஆயினும் மரபிலக்கணப்படி படகு என்பது பால்பகா அஃறிணைப் பெயர். அதன் ஒருமையையும் பன்மையையும் வினைமுற்றே காட்டும். 'கள்' விகுதி கட்டாயம் என்பது பிற்கால உரைநடையின் நெறியாகும்.

புணர்ச்சியிலும் இந்நிலை உண்டு. லகர ஈறு, வல்லினம் வரும்போது வேற்றுமையில் றகரமாகத் திரியும். அல்வழியில் திரிந்தும் திரியாதும் வரும் என்பது நன்னூலின் கருத்து. இதனை 'உறழ்ச்சி' என்பர். கடல், கரை ஆகியவை 'கடற்கரை' எனத் திரிந்தே வழங்க, அதே கரையிலுள்ள கல்பாக்கத்தை எவரும் 'கற்பாக்கம்' என்பதில்லை. 2019 நவம்பர் 29 அன்று உருவான மாவட்டத்தின் பெயர் 'செங்கல்பட்டு'. பழைய எழுத்துகளிலோ 'செங்கற்பட்டு' என்னும் வடிவமும் பயில்கிறது. இவ்வூர்ப்பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் திரிபு என்பர். அங்ஙனமாயின், செங்கல்லை நிலைமொழியாகக் கொண்டு 'செங்கற்பட்டு' எனத் திருத்துவது, விதியைச் சரியாகப் பின்பற்றியும் சொல்லின் வரலாற்றைப் பிழையாக உணர்வதாகிவிடும்.

பாடத்திட்டத்துள்ளேயே முரண் ஒன்று காணப்படுகிறது. ஊர்ப்பெயர்களின் மரூஉவை எழுதுதல் அதில் ஒரு பகுதி. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனதும், மாமல்லபுரம் 'மல்லை' ஆனதும் மக்கள் வழக்கால் நேர்ந்தவை. வழக்கின் திரிபு அங்கே மதிப்பெண் பெற்றுத்தருகிறது. வழூஉச் சொல் பகுதியிலோ அது நீக்கத்தக்கதாகிறது. எத்திரிபு மரூஉ, எத்திரிபு வழு என்பதற்கான வரையறை மாணவருக்குத் தரப்படுவதில்லை.

மறைந்துபோன மூன்றாம் நிலை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் வழுக் காத்தலையே பெரிதும் பேசுகிறது. வழுவலாகாது என விதிப்பதோடு அது நின்றுவிடவில்லை. தக்க காரணம் பற்றி வழுவையும் அமைத்துக்கொள்கிறது. வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் இம்மூன்றும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் கற்பிக்கப்படுகின்றன. கரையில் காத்திருக்கும் தோழனிடம், இன்னும் வீட்டைவிட்டுப் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான். எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்பட்டது. விரைவு என்னும் காரணத்தால் மரபு இதனைக் கால வழுவமைதி என ஏற்கிறது. ஏற்பதா மறுப்பதா என்பதைக் கூறுவோனின் நோக்கமே தீர்மானிக்கிறது.

பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்த தேர்வு, 'இஃது எவ்வகை வழுவமைதி?' எனப் பெயரைக் கேட்கக்கூடும். பிழைதிருத்த வினாவின் அமைப்பிலோ சரி, தவறு என்னும் இரு நிலைகளுக்கே இடமுண்டு. மூன்று நிலைகள் கொண்ட மரபு இரண்டாகச் சுருங்கும்போது இழக்கப்படுவது காரணம் கேட்கும் பழக்கமாகும்.

முடிவுரை

பிழைதிருத்த வினாக்களைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. அரசு அலுவலகங்களில் கோப்பெழுதும் பணிக்குப் பிழையற்ற தமிழ் தேவை. தீர்வு வினாவின் அமைப்பில் உள்ளது. தனித்தொடருக்கு மாற்றாகச் சிறு பத்தியைத் தந்து அதனுள் பிழை காணச் செய்யலாம். உறழ்ச்சியும் பால்பகாப் பெயரும் போன்று இருவகையும் ஏற்கத்தக்க இடங்களை வினாவாக்குவதைத் தவிர்க்கலாம். எந்நெறி அளவுகோல் என்பதைப் பாடத்திட்டத்திலேயே சுட்டலாம். விடைக்குறிப்பு வெளியிடப்படும்போது, உரிய விதியையும் உடன் குறித்தால் மறுப்புரைப்போரும் மதிப்பிடுவோரும் ஒரே அடிப்படையில் நின்று பேச இயலும். அரை நூற்பாவின் விளக்கம் ஒருவரின் வாழ்வூதியத்தைத் தீர்மானிக்கும் இடத்தில், 'பிழை' என்று குறிப்பவர் அதற்குரிய காரணத்தையும் கூறக் கடமைப்பட்டவர் ஆவார்.