நாலு பேட்டரி, நாலு குரல், ஒரு மேடை

கச்சேரி பண்ணப்போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“என்ன வாத்தியம்டி?”

“கேம் பாய்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: “உங்க அண்ணன் பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டானே, அந்த டப்பாவா?”

அதே டப்பாதான். 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட சாம்பல் நிறக் கேம் பாய். பேட்டரியோடு தூக்கினால் முந்நூறு கிராம் சொச்சம். எங்கள் வட்டாரத்தில் அதற்குச் செல்லப்பெயர் ‘செங்கல்’. அந்தச் செங்கல்லை ஸ்பீக்கரில் மாட்டி ஒரு கூட்டத்தையே குதிக்கவைக்கிற கலைக்குப் பெயர் சிப்டியூன். மேடை ஏறி வாசித்து வந்தவள் சொல்கிறேன், இதற்கு ஈடான சந்தோஷம் என் வாழ்க்கையில் வெகு சிலதான். கல்யாணத்தை அந்தப் பட்டியலில் சேர்ப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் டப்பாவின் மகிமை. அதற்குள் இருப்பது மொத்தம் நாலே குரல். இரண்டு ‘பல்ஸ்’ குரல்கள்; பழைய வீடியோ கேமின் கீச்சுக்குரல் என்று எல்லாருக்கும் நினைவிருப்பது இவைதான். மூன்றாவது ‘வேவ்’. முப்பத்திரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பதினாறு உயரம். ஒலியின் வடிவத்தைக் கோலம் போடுகிற மாதிரி நாமே வரைந்துகொள்ளலாம். பேஸ் வருவது இங்கிருந்துதான். நாலாவது ‘நாய்ஸ்’, வெறும் இரைச்சல். அதைப் பொடியாக நறுக்கினால், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஹைஹாட். கொஞ்சம் நீளமாக விட்டால் ஸ்நேர். நாலு பேர் கொண்ட கச்சேரி கோஷ்டி, அதுவும் சட்டைப்பையில்!

இதில் பாட்டு எழுத ‘லிட்டில் சவுண்ட் டிஜே’ என்றொரு மென்பொருள் இருக்கிறது. சுருக்கமாக எல்.எஸ்.டி.ஜே. ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000இல் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ ‘நானோலூப்’ செய்துவிட்டார். நான் எல்.எஸ்.டி.ஜே கட்சி. கேசட்டுக்குள் ஒரு முழு ஸ்டூடியோ, அதை ஓட்ட அம்புக்குறி கட்டையும் நாலு பட்டனும்.

முதல் வாரம் தலை சுற்றியது, மறைக்கவில்லை. திரையில் இசை என்று சொல்லும்படி ஒன்றுமே தெரியாது, எண்களும் எழுத்துகளும்தான். பதினாறு வரிகள் கொண்ட துண்டுக்கு ‘ஃபிரேஸ்’ என்று பெயர். ஒருநாள் பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே தொடையில் தட்டியபோதுதான் உறைத்தது: ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இரண்டிரண்டாகப் பிரித்தால் பதினாறு! சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் அடி வாங்கிக் கற்ற தாளம், ஜப்பான் பொம்மைக்குள் எனக்காக உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஹம்சத்வனியைத் தூக்கி உள்ளே போட்டேன். ச, ரி, க, ப, நி. ஐந்தே ஸ்வரம், மேடைக் கச்சேரியை ‘வாதாபி’யில் தொடங்கிக் களைகட்ட வைக்கிற ராகம். இந்த டப்பாவில் ஒரு குரல் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் பாடும். மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்டு வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி உண்டு: மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசித்தால் காது ஏமாந்து ஒன்றாகக் கேட்கும். அந்தக் கட்டளை ‘சி47’. கொடுத்த ஸ்வரம், அதிலிருந்து நாலு அரைப்படி மேலே, ஏழு அரைப்படி மேலே என்று அர்த்தம். ஷட்ஜத்தில் அதைப் போட்டேன். வந்தது ச-க-ப! பஞ்சமத்தில் போட்டேன். ப-நி-ரி! காந்தாரத்தில் மட்டும் ‘சி37’ என்று மாற்றினால் க-ப-நி. ராகத்தை விட்டு ஒரு ஸ்வரம்கூட வெளியே போகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் ஹெட்போனோடு நான் ஆடிய ஆட்டத்தை ஃப்ரிட்ஜ் மட்டும் பார்த்தது.

கமகம்? அதற்கும் வழி உண்டு. ‘எல்’ என்ற கட்டளை ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். வயலின் இழைவு வராது. வரும் என்று சொன்னால் பொய். ஆனால் நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு அது ஏறுகிற இடத்தில் ஒரு குழந்தை மழலையில் பாடுகிற அழகு இருக்கும்.

இனி மேடை. அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரத்தின் 12ஆவது தெருவில் ‘ஃபிலாமோகா’ என்றொரு கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லறைக் கற்களும் சமாதி மண்டபங்களும் விற்ற ஷோரூம் அது. அங்கேதான் ‘எய்ட்ஸ்டாடிக்’ என்ற சிப்டியூன் நிகழ்ச்சி மாதந்தோறும் நடந்தது. உலகம் செத்துப்போனது என்று ஓரங்கட்டிய கருவிகளைக் கல்லறைக் கடையில் வைத்து எழுப்புகிறார்கள்! பெயர் பெற்றவர்கள் வாசிப்பதற்கு முன்னால் ஓபன் மைக். யார் வேண்டுமானாலும் ஏறலாம். நானும் பெயர் கொடுத்தேன், மூன்று பாட்டு.

சவுண்டுக்காரர் என் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு வயரைச் சொருகினார். சத்தத்தை ஏற்றினார். அந்த நொடியை எப்படிச் சொல்வேன்! வீட்டு ஹெட்போனில் கொசு ரீங்காரமாக இருந்த என் பேஸ், ஆளுயர ஸ்பீக்கரிலிருந்து வந்து நெஞ்செலும்பைத் தட்டியது. பழைய சாம்பல் மாடலின் பேஸுக்குத் தனி மரியாதை உண்டு. ஹெட்போன் வழியாகப் போகாமல், ஒலியை அதற்கு முன்பே பிடித்துத் தனி வயரில் வெளியே எடுக்கிற ‘புரோசவுண்ட்’ வேலையை நானே சால்டரிங் வைத்துச் செய்திருந்தேன். இரண்டு விரல் சுட்டது. அந்த ஒரு அதிர்வுக்கு இன்னும் எட்டு விரலையும் சுட்டுக்கொள்ளலாம்.

முதல் பாட்டு ஹம்சத்வனி. எல்.எஸ்.டி.ஜேயில் ‘லைவ் மோட்’ என்று ஒன்று உண்டு. நாலு குரலையும் தனித்தனியாக, நினைத்த இடத்தில் கிளப்பலாம், நிறுத்தலாம். முதலில் ச-ப சுருதி மட்டும். பிறகு கடுகு. பிறகு பேஸ். ராகத்தின் பெயரே தெரியாத எண்பது தொண்ணூறு தலைகள் நிஷாதம் வரும்போதெல்லாம் சேர்ந்து அசைந்தன. பின்னால் திரையில் பழைய நின்டெண்டோ கேம் இயந்திரத்தைத் தாறுமாறாக ஓடவிட்டு ஒருவர் காட்சிகளை இறைத்துக்கொண்டிருந்தார். அதற்கென்றே ‘கிளிட்ச்நெஸ்’ என்ற மென்பொருளை எழுதியவர் அந்த ஊர்க்காரரான ‘நோ கேரியர்’. என் பாட்டுக்கு ஏற்பச் சதுரங்கள் உடைந்து கொட்டின.

மூன்றாவது பாட்டின் உச்சம். இடது கண்ணோரத்தில் சிவப்பு விளக்கு மங்குவது தெரிந்தது. எங்கோ மலிவாகக் கிடைத்ததென்று பேட்டரி வாங்கிப் போட்டிருந்தேன். முடிவதற்குள் முடிந்துவிட்டது. திரை வெளுத்தது. நிசப்தம். ஸ்பீக்கரின் ‘உஸ்ஸ்’ மட்டும்.

எனக்கு வயிறு கலங்கியது. ஓடிவிடலாமா என்று பக்கவாட்டில் வழி பார்த்தேன். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் தன் கேம் பாயின் முதுகைத் திறந்து நாலு பேட்டரியையும் கழற்றி என் கையில் கொட்டினான். அவன் எனக்கு அடுத்து வாசிக்க வேண்டியவன்! நடுங்கும் விரலோடு போட்டேன். சுவிட்சைத் தள்ளினேன்.

கேம் பாய் உயிர் பெறும்போது கம்பெனி பெயர் மேலிருந்து கீழே இறங்கி வந்து நிற்கும். நின்றதும் ஒரு ‘டிங்’. முப்பது வருடமாகக் குழந்தைகளின் கைக்குள் மெல்ல ஒலித்த அந்தச் சின்ன டிங், அன்றைக்கு முழுச் சத்தத்தில் அந்தச் சமாதிக் கடைக்குள் கோயில் மணியாக அடித்தது. கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆரவாரம். நான் எழுதிய எந்தப் பாட்டுக்கும் அவ்வளவு கைதட்டல் வந்ததில்லை. இனியும் வராது, பரவாயில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். இந்த இசையைக் கேட்க வருகிறவர்கள் தவறுக்காகக் காத்திருப்பவர்கள் இல்லை. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் தாங்களும் இப்படி ஒரு டப்பாவோடு வீட்டில் மல்லுக்கட்டுகிறவர்கள். அந்த நாலு குரலுக்குள் என்ன கஷ்டம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சின்ன சங்கதிக்கும் ‘ஓ’ போடுகிறார்கள். 2006இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘பிளிப் ஃபெஸ்டிவல்’ போன்ற பெரிய விழாக்களின் புகழ் தனி. ஆனால் வாசிக்கக் கற்க, ஐம்பது பேர் நிற்கிற உள்ளூர் மேடைதான் பள்ளிக்கூடம்.

வயதாகிவிட்டதே என்கிறீர்களா? கேம் பாயில் ‘டெட்ரிஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்தவர் ஹிரோகாசு தனாகா. அவர் ‘சிப் தனாகா’ என்ற பெயரில் ‘ஜாங்கோ’ ஆல்பம் வெளியிட்டது 2017இல், அறுபதைத் தொடுகிற வயதில். நமக்கென்ன?

கேம் பாய் இல்லையென்றாலும் குறையில்லை. கம்ப்யூட்டரிலேயே, கேம் பாய் மாதிரி நடிக்கிற எமுலேட்டரில் எல்.எஸ்.டி.ஜே ஓடும், பழகலாம். ஒரு பாட்டு தேறியதும் உங்கள் ஊரில் எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று தேடிப்போய்ப் பெயர் கொடுங்கள். முழுசாகத் தயாரான பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்; அந்த நாள் வராது.

போகும்போது புதுப் பேட்டரி எட்டு எடுத்துப்போங்கள். நாலு உங்களுக்கு. மற்ற நாலு, மேடையில் விளக்கு மங்கித் தவிக்கப்போகிற இன்னொருவருக்கு.