காரைக்காலை ஐந்தாக உடைக்கும் வடிகட்டி

பிரான்ஸிலிருந்து சித்தப்பா அனுப்பிய தமிழ் மெயில், எங்க அலுவலக சர்வரின் ஸ்பேம் பெட்டியில் 11 நாள் கிடந்தது. காரைக்கால் வீட்டுப் பத்திர விஷயம். "ஏம்பா, பாத்துட்டும் பதில் போடலியா?" என்று போனில் கேட்டபோதுதான் தெரிஞ்சுது. அந்தக் கடுப்பில், பால் கிரஹாம் 2002 ஆகஸ்டில் எழுதிய 'எ பிளான் ஃபார் ஸ்பேம்' கட்டுரையை மறுபடி படிச்சேன்.

நல்ல மெயில் சிக்கவே கூடாது என்பதில் மனுஷர் கவனமாகத்தான் இருக்கிறார். நல்ல மெயில்களில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கணக்கிடுகிறார். புதுச் சொல்லுக்கு 0.4தான் தருகிறார்; சந்தேகத்தின் பலன் மெயிலுக்கே.

சறுக்கல் வேறிடத்தில். எழுத்து, எண், சிறுகோடு, அப்பாஸ்ட்ரஃபி, டாலர் குறி தவிர மற்றதெல்லாம் சொல்லைப் பிரிக்கும் இடைவெளி என்கிறார். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழின் துணைக்காலும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் சேராது, அவை ஒட்டுக்குறிகள். பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸில் 'காரைக்கால்' என்று கொடுத்துப் பாருங்க: க, ர, க, க, ல. ஊரே காணோம்! எங்க சர்வர் கற்றுவைத்த சொற்பட்டியலிலும் இதே ஒற்றை எழுத்துகள்தான். நாலு தமிழ் ஸ்பேமைப் பார்த்துப் பழகினால் போதும், எல்லாத் தமிழ் மெயிலும் குற்றவாளிதான்.

அவரவர் மெயிலை வைத்தே வடிகட்டி பழக வேண்டும் என்றார் கிரஹாம். நம்ம அலுவலகங்களில் எல்லோருக்கும் ஒண்ணுதான்.

'ஸ்பேம் இல்லை' பொத்தான் அடுத்த மெயிலுக்குத்தான் உதவும். சந்தேகம்னா சர்வர் வாசலிலேயே மறுக்கட்டும், அனுப்பியவருக்காவது தெரியும். சத்தமில்லாம ஒளிச்சு வைக்கிறதாலதான் சித்தப்பா என்னைத் தப்பா நினைச்சார்.