கை சுடும் வெப்பத்தில் வாழும் பூஞ்சைகள்: ஓர் ஆய்வுரை பற்றிய மதிப்பீடு

ஈரம் உலராத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறிப் புழுங்கிப் போகும். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. மட்கிக்கொண்டிருக்கும் எருக்குவியலின் நடுவே கையை விட்டாலும் சுடும். இந்தச் சூடு வெயிலால் வந்ததல்ல. வைக்கோலையும் சருகையும் தின்று சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வெப்பம் அது. வைக்கோல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. 50 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது பெரும்பாலான பூஞ்சைகளால் வளர முடிவதில்லை. சில பூஞ்சைகள் மட்டும் அங்கே செழிக்கின்றன. எப்படி?

இக்கேள்வியை ஆராயும் முக்கியமான ஆய்வுரை ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேசுவரி, கிரீஷ் பரத்வாஜ், மகாலிங்கேசுவர பட் ஆகியோருடன் இணைந்து எழுதியது. 'வெப்ப விரும்பிப் பூஞ்சைகள்: அவற்றின் உடலியலும் நொதிகளும்' என்பது அதன் தலைப்பின் பொருள். 20 டிகிரிக்குக் கீழே வளராமல், 50 டிகிரியிலும் அதற்கு மேலும் வளர்பவையே வெப்ப விரும்பிகள். பதிவான சுமார் 50,000 பூஞ்சை இனங்களில் இவை ஏறத்தாழ 30 தாம்.

மாணவர்கள் பொதுவாகச் சொல்லும் விடை செல் சவ்வைப் பற்றியது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. முன்னதில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் மிகுதி. பின்னதில் நிறைவுறாதவை மிகுதி. சவ்வும் இத்தகைய கொழுப்பால் ஆனதே. தெர்மோமைசெஸ் லானுஜினோசஸ் என்னும் பூஞ்சையை 30 டிகிரியில் வளர்த்தால், 50 டிகிரியில் இருப்பதைப் போல இரு மடங்கு லினோலியிக் அமிலம் அதில் இருக்கிறது. அதாவது, சூடு ஏறும்போது நிறைவுறாத கொழுப்பைக் குறைத்துச் சவ்வு இளகாமல் காத்துக்கொள்கிறது.

விடை கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். சாதாரண வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களும் சூட்டுக்கேற்பச் சவ்வை இப்படி மாற்றிக்கொள்கின்றன. இருவரும் செய்யும் ஒன்று, இருவருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிடுமா?

இத்தகைய ஒப்பீட்டை வற்புறுத்துவதே இந்த ஆய்வுரையின் பெருஞ்சிறப்பு. வெப்பத்தில் கெடும் புரதங்களை விரைந்து சிதைத்துப் புதிதாக ஆக்கிக்கொள்வதால்தான் இவை பிழைக்கின்றன என்றொரு கருத்து இருந்தது. பெங்களூரில் இருவகைப் பூஞ்சைகளையும் ஒப்பிட்டு அளந்தபோது அக்கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. சூட்டில் வாழ்வதன் நொதிகள் எல்லாமே உறுதியானவை என்பதும் சரியல்ல. மேற்கூறிய பூஞ்சையில் சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்ட்டேஸ் எளிதில் செயலிழப்பது. வெப்ப விரும்பிக்கும் வெப்பம் துன்பம் தருவதுண்டு. 50 டிகிரியில் முளைத்த வித்துக்களை ஒரு மணி நேரம் 55 டிகிரியில் வைத்துப் பழக்கினால், பின்பு 58 டிகிரியில் அவை கூடுதலாகப் பிழைக்கின்றன.

வெயில் காயும் நம் மண்ணே இவற்றின் தாயகம் என்று தோன்றலாம். அதையும் மகேசுவரி குழுவினர் சோதித்தனர். மண்ணில் இவை பரவலாகக் காணப்பட்டாலும் அங்கே வளரும் ஆற்றல் குறைவே. எருக்குவியல்களிலிருந்து பரவிய வித்துக்களே மண்ணில் தங்குகின்றன என்பது 1993-இல் அவர்கள் கண்ட முடிவு.

குறை இல்லாமல் இல்லை. ஆய்வுரையின் பெரும்பகுதியைத் தொழிலுக்குப் பயன்படும் நொதிகள் நிரப்பிவிட, சவ்வுக்குக் கிடைப்பது சிறிதளவு இடமே. இதை எழுதியபோது இப்பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளும் படிக்கப்படவில்லை. மைசெலியோப்தோரா தெர்மோபிலாவின் தொகுதி 2011-இல்தான் வெளியாயிற்று. ஆகவே இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

ஆயினும், கருவிகள் மாறினாலும் மாறாத ஒரு பாடம் இதில் உண்டு. சூட்டைத் தாங்குவதன் காரணத்தை அறிய, தாங்குவதை மட்டும் ஆராய்ந்தால் போதாது. தாங்காததையும் அருகில் வைத்து அளக்க வேண்டும். அடுத்த தேர்வில் 'நிறைவுற்ற கொழுப்பு' என்று ஒரே வரியில் விடை எழுதும் முன், மாணவ நண்பர்களே, இந்த ஒப்பீட்டைச் செய்து பாருங்கள்.