வந்து சேராத யாத்திரை

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதி, வரக்காப்பொலைப் பக்கம் சப்ரகமுவ மாகாணத்துக்குள் நுழைகிறது. அம்பேபுஸ்ஸ, கேகாலை, மாவனெல்லை என்று ஏறி, கடுகண்ணாவையில் மத்திய மாகாணத்தைத் தொடுகிறது. 1957 ஒக்டோபர் தொடக்கத்தில் இந்த 72 மைலையும் நடந்தே கடப்பதென்று ஜே.ஆர். ஜெயவர்த்தன கொழும்பிலிருந்து புறப்பட்டார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 8 ஆசனங்களாகச் சுருங்கியிருந்தது. அவரும் களனியில் ஆர்.ஜி. சேனநாயக்கவிடம் தோற்றிருந்தார். பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சியும் 1957 ஜூலை 26ஆம் திகதி கையெழுத்திட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராகத் தலதா மாளிகையில் போய் முறையிடுவது யாத்திரையின் நோக்கம். ஆனால் அது இருபது மைலைக்கூட எட்டவில்லை. இம்புல்கொடையில் கம்பஹா எம்.பி. எஸ்.டி. பண்டாரநாயக்க வாகனங்களையும் ஆட்களையும் குறுக்கே நிறுத்தி வழியை அடைத்துவிட்டார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1978 பெப்ரவரி 4ஆம் திகதி, நடந்தவர் நாட்டின் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியானார். அவர் ஏறிய பதவியின் உயரத்தால் அந்தப் பாதி நடைக்கும் உயரம் கூடிற்று. தமிழில் எழுதப்பட்ட அரசியல் வரலாறுகள் கண்டி யாத்திரையைத் தாண்டாமல் 1957ஐக் கடப்பதில்லை. ஒப்பந்தத்தைக் கொன்றது அதுதான் என்ற தீர்ப்பு மலையக மேடைகளிலும் அப்படியே ஒப்பிக்கப்படுகிறது. சப்ரகமுவத் தோட்டங்களில் நின்று பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு நிற்குமா என்பதே என் கேள்வி.

முதலில் கொலைக் குற்றச்சாட்டு. யாத்திரை முறிந்த பிறகும் ஒப்பந்தம் ஆறு மாதம் உயிரோடு இருந்தது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்த பிக்குகள்தான் அதைக் கிழிக்க வைத்தார்கள். 1956இல் பண்டாரநாயக்கவை அரியணை ஏற்றிய அணியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஜே.ஆர். எதிர்ப்பைக் கிளறிவிட்டார், அதற்கு ஒரு புண்ணிய யாத்திரையின் மரியாதையையும் பூசினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கத்தி பண்டாரநாயக்கவின் சொந்த வீட்டிலிருந்துதான் வந்தது. இம்புல்கொடையில் வழி மறித்தவரும் தமிழரின் உரிமைக்காகத் தெருவில் இறங்கியவரல்லர், தன் அரசாங்கத்தைக் காக்க இறங்கியவர். அவருக்கு ‘இம்புல்கொட வீரன்’ என்று பெயர் நிலைத்தது. ஒரு சிற்றூர் தன் வீரனைப் பெற்றுக்கொண்டது. கேகாலைப் பக்கத்துத் தோட்ட லயங்களுக்கு இந்தக் கதையில் என்ன கிடைத்தது?

அதற்கு ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றக் காணிகள் பற்றிய அதிகாரம் எல்லாம் அதில் உண்டு. தோட்ட மக்களின் குடியுரிமைக்கு வந்தால், தமிழரசுக் கட்சி தன் கருத்தை வற்புறுத்தியது, பிரதமர் விரைவில் கவனிப்பதாகச் சொன்னார் என்ற அளவோடு பேச்சு முடிகிறது. 1956 ஓகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் தமிழரசுக் கட்சி வைத்த நான்கு கோரிக்கைகளில் குடியுரிமையும் ஒன்று. ஓராண்டில் அது ஒரு வாக்குறுதியின் வாக்குறுதியாகத் தேய்ந்திருந்தது. ஆகவே யாத்திரையே ஒப்பந்தத்தை அழித்தது என்று வைத்துக்கொண்டாலும், இரத்தினபுரித் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர் அன்று இழந்தது ‘கவனிக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லைத்தான்.

அந்தச் சொல்லைச் சொன்னவர் யார், அதை எதிர்த்து நடந்தவர் யார் என்று பார்த்தால் இன்னொன்றும் துலங்குகிறது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் பண்டாரநாயக்க உள்ளூராட்சி அமைச்சர், ஜே.ஆர். நிதியமைச்சர். அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தத்தால் தோட்ட மக்களின் வாக்கும் போனபோது இருவரும் ஒரே மேசையில்தான் இருந்தார்கள். வடக்கின் அரசியலுக்கு 1957 இரு துருவங்கள் மோதிய ஆண்டு. லயத்தின் வாசலிலிருந்து பார்த்தால், நம்மை நாடற்றவராக்கிய சட்டத்துக்குத் துணைநின்ற இருவர், நாம் இல்லாத ஒரு காணியின் எல்லைக்காகச் சண்டை பிடித்த ஆண்டு.

யாத்திரையைப் பெரிதாக நினைப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தை விடுங்கள், முறையைப் பாருங்கள் என்பார்கள். எதிர்க்கட்சியில் இருப்பவர், தமிழருக்கு எதையாவது கொடுக்கப்போகிறார்கள் என்று தெருவில் இறங்கி ஆட்சியைப் பிடிக்கும் வழியை அந்த நடைதான் காட்டிக் கொடுத்தது என்பது அவர்கள் வாதம். இதில் பெரும் உண்மை உண்டு. ஆனால் இந்த வாதத்தையே இன்னும் கொஞ்சத் தூரம் நடத்திப் பார்த்தால் அது ஜே.ஆரிடம் நிற்பதில்லை. 1966 ஜனவரி 8ஆம் திகதி, அப்போது பிரதமராக இருந்த டட்லி சேனநாயக்கவின் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனது. அந்த எதிர்ப்பில் பண்டாரநாயக்க தொடங்கிய சுதந்திரக் கட்சியோடு இடதுசாரிகளும் சேர்ந்து நின்றார்கள். டட்லியின் வயிற்றில் மசால வடை என்று சிங்களத்தில் கேலிக் கோஷம் எழுந்தது. அப்போது யட்டியாந்தோட்டையின் எம்.பி. சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா. 1934–35 மலேரியாக் காலத்தில் கேகாலை மாவட்டத்தில் மருந்தோடு வீடு வீடாக அலைந்து, 1936இல் ருவன்வெல்லையில் வென்றவர். 1948இல் அவருடைய கட்சி பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்திருந்தது. சப்ரகமுவத் தோட்டத்துக்குள்ளேயே கால் பதித்த அந்தக் கட்சி மறுபக்கம் போய் நின்றது. இம்புல்கொடையைவிட, நம் மாகாணத்துக்குள்ளேயே இருக்கும் யட்டியாந்தோட்டை நமக்குக் கிட்ட. நம் மேடைகளில் அதைப் பேசக் கேட்டதில்லை.

இனி உள்ளூர் நினைவு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பெரியவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் பலரிடமிருந்து எண் வராது. ‘பஞ்சத்துக்கு முந்தின வருஷம்’, ‘எழுபத்தேழு கலவரத்தில நான் கைப்புள்ள’, ‘பெரியப்பா குடும்பம் ஊருக்குப் போன வருஷம்’ என்றுதான் வரும். பஞ்சம் என்றால் 1973–74. ஊருக்குப் போவது என்றால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கில் ஆள் எண்ணிக் கப்பலேற்றிய காலம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிக் கையெழுத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்தால் பிறப்பு அத்தாட்சி, பிரஜாவுரிமைப் பத்திரம், போனவர்கள் ஒருமுறை எழுதிய கடிதம் ஆகியவை ஒரே பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டிருக்கும். அந்தப் பெட்டிதான் இங்குள்ள ஆவணக் காப்பகம். அதற்குள் 1957க்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

ஜே.ஆருக்கு இந்த நினைவில் இடம் இருக்கிறது, அதுவும் தராசின் இரு தட்டிலும். அவர் ஆட்சிக்கு வந்த அதே 1977இல், தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன் தொடங்கிய வன்முறை தோட்டங்கள் வரை பாய்ந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, றக்வானைப் பகுதிகளில் லயங்கள் மீண்டும் தாக்கப்பட்டன. தன் கட்சிக்காரர் சிலர் பாராளுமன்றத்திலும் வெளியிலும் பேசியவை வன்முறைக்கு ஊக்கமாயின என்று ஜே.ஆரே அப்போது பகிரங்கமாக வருத்தப்பட்டார். வருத்தம் எரிந்த கூரையை மேயவில்லை. மறுதட்டில், 1978 அரசியலமைப்பு பதிவுப் பிரஜைக்கும் பரம்பரைப் பிரஜைக்கும் இடையிலிருந்த வேற்றுமையை நீக்கியது. அதே ஆண்டு தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அமைச்சரானார். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பின் பெண்களுக்குச் சம சம்பளம் வந்தது. 1986, 1988 சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு தேடின. இவை தானமாக வந்தவையல்ல. தொழிற்சங்கமும் வாக்குக் கணக்கும் இந்தியாவின் அழுத்தமும் சேர்ந்து பெற்றவை. ஆனாலும் அவர் காலத்தில், அவர் அரசாங்கத்தின் கையெழுத்தோடு வந்தவை. ஒரே மனிதரின் காலத்தில் லயம் எரிந்ததையும் பத்திரம் கிடைத்ததையும் தோட்டத்துப் பாட்டி ஒரே மூச்சில் சொல்கிறாள். 1957ஐ வைத்து அவரை ஒற்றை நிறத்தில் தீட்டும் வரலாறு அவளைவிடக் குறைவாகவே அறிந்திருக்கிறது.

1977, 1981 ஆண்டுகளில் இந்த மாகாணத்திலிருந்தும் ஒரு யாத்திரை புறப்பட்டது. துணி மூட்டையும் பித்தளைக் குடமுமாக லொறியிலும் ரயிலிலும் ஏறிய குடும்பங்கள் வவுனியாக் காடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காந்தியம் அமைப்பின் டொக்டர் இராஜசுந்தரமும் எஸ்.ஏ. டேவிட்டும் அவர்களைக் குடியமர்த்த உழைத்தார்கள். இருவரும் 1983 ஏப்ரலில் கைதாகினர். ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1977ஐ விசாரிக்க சன்சோனி ஆணைக்குழு இருந்தது. 1981ஐத் தன் எல்லைக்குள் எடுத்த ஆணைக்குழு 2001இல்தான் நியமிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் சாட்சிகளில் எத்தனையோ பேர் கண் மூடியிருப்பார்கள்.

எனவே என் முடிவு இது. கண்டி யாத்திரை கண்டிக்கத்தக்கது. சிங்களக் கட்சிகளின் போட்டியை ஆராயும் நூலில் அதற்கு ஓர் அத்தியாயம் உரியது. ஒப்பந்தத்தைக் கொன்றது என்ற குற்றம் நிரூபணமாகவில்லை, தூண்டியது என்ற குற்றம் நிரூபணமாகிறது. சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றுக்கோ அது தொடக்கப் புள்ளி ஆகாது. அதைத் தொடக்கமாக வைப்பது, இன்னொருவர் வீட்டுத் துக்கத்துக்கு நம் திண்ணையில் பந்தல் போடுவது. நம் வழக்கில் ஜே.ஆர். மீதான முதல் குற்றப்பத்திரம் 1948க்கு உரியது, கனமானது 1981க்கு. யட்டியாந்தோட்டைத் தோழர்களும் அந்தக் கூண்டில் ஏறியாக வேண்டும்.

தலைவர் நடந்த பாதையை மைல் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். றக்வானையில் எந்தத் தோட்டத்தின் எந்த லயம் எந்த இரவில் எரிந்தது, யார் கதவைத் திறந்து ஒளித்துவைத்தார்கள், லொறி எந்தச் சந்தியிலிருந்து கிளம்பியது என்பதை எழுதி வைத்திருக்கிறோமா? கைப்புள்ளையாக இருந்தவருக்கே இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவரிடம் கேட்கவேண்டியதை இந்த வருடமே கேட்டுவிட வேண்டும்.