பத்தினி முன் கூறும் நன்றி

அச்சம் தணிந்ததும் நாட்டைக் காத்த தெய்வத்திற்கு நன்றி கூறுதல் மனித இயல்பு. கண்டி எசல பெரஹராவில் தலதா மாளிகை ஊர்வலத்தின்பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. அப்பத்தினி நம் கண்ணகியே. கயவாகு வேந்தன் இலங்கையில் அவளுக்கு ஆடித் திங்களில் விழா எடுத்ததால் மழை பெய்து நாடு செழித்தது என்கிறது சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை.

இதனை வெறும் பக்திச் செய்தியாக வாசிப்போர் காப்பியத்தின் உயிரைத் தவறவிடுகின்றனர். தெய்வமாகுமுன் கண்ணகி அரசவையில் நீதி கேட்டவள். தன் பிழை உணர்ந்த பாண்டியன் அரியணையினின்று வீழ்ந்து உயிர்நீத்தான். நீதியின்றி நாட்டுக்குக் காவலில்லை என்பதே இளங்கோ காட்டும் உண்மை.

1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகளின் குண்டு தலதா மாளிகையைச் சிதைத்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இத்தகைய நாட்கள் கடந்தபின் 'நாடு தப்பியது' என்று கைகூப்புவோரை நாம் பழிக்கவில்லை. ஆனால், கடையை நெருப்புக்குக் கொடுத்தவனும் அந்த 'நாட்டி'னுள் அடங்குவானா? அவனுக்கு நீதி வழங்காது கூறும் நன்றி, சிலம்பேந்தி நிற்பவளின் செவியில் ஏறுமா?